மும்பை முதல் ஹைதராபாத் வரை: விக்கிப்பீடியர்கள் கூடிய வரலாறு

விக்கிப்பீடியாவில் நடக்கும் ஒவ்வொரு தொகுப்பும் நேரத்தோடு பதிவாகிறது. ஒவ்வொரு சச்சரவும் பேச்சுப் பக்கத்தில் எவரும் படிக்கக் கிடக்கிறது. எல்லாமே எழுத்தில் நடக்கும் இந்த அமைப்புக்கு மண்டபமும் மேடையும் பயணச்சீட்டும் எதற்கு? கேள்வி நியாயமானதே. 2005 ஆகஸ்டில் பிராங்க்ஃபர்ட்டில் முதல் விக்கிமேனியா கூடியபோது, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் ஒருவரையொருவர் முகம் பார்ப்பதே போதுமான காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த உலக மாநாடு ஆண்டுதோறும் நடந்துகொண்டிருக்கும்போதே, 2011 நவம்பரில் மும்பைப் பல்கலைக்கழகத்தில் மூன்று நாள் இந்திய மாநாடு நடந்தது. 2012இல் பெல்கிரேடில் மத்திய, கிழக்கு ஐரோப்பியர்களும் 2014இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்கர்களும் தனியே கூடினார்கள். விசா கிடைக்காது, விமானச் செலவு தாங்காது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பொய்யல்ல, ஆனால் அது மட்டுமே காரணமென்றால் உள்ளூர்க் கூட்டம் உலகக் கூட்டத்தின் மலிவுப் பதிப்பு என்றாகிவிடும். இந்தியாவைப் பொறுத்தவரை காரணம் வேறு என்பது என் வாதம். அண்டை மொழிகள் ஒரே தொல்லையைத் தனித்தனியே அனுபவித்தன. அதைச் சேர்ந்து பேச அவற்றுக்கு ஓர் இடம் இல்லை.

2009 வாக்கில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்திய கூகுள், தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைப் பல இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் ஏற்றத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. வாக்கியங்கள் தமிழ் எழுத்தில் ஆங்கிலமாக இருந்தன. அமெரிக்கக் கேளிக்கை உலகத்துக்குக் கிடைத்த இடம் உள்ளூர்ச் செய்திகளுக்குக் கிடைக்கவில்லை. எழுதியவர்களைப் பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் வருவது அரிது. வங்காள விக்கிப்பீடியா இந்தக் கட்டுரைகள் வேண்டாம் என்றது. தமிழ் விக்கிப்பீடியர்கள் நிறுவனத்தோடு பேசித் தரத்தையும் தலைப்புகளையும் திருத்த முயன்றார்கள். தங்கள் விமர்சனத்தை 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியாவில் முன்வைத்தார்கள். ஒரே சிக்கலுக்கு இரண்டு மொழிகள், இரண்டு தீர்வுகள். எது சரி என்பதில் கருத்து வேறுபடலாம். கவனிக்க வேண்டியது, கொல்கத்தாவும் சென்னையும் கலந்து பேசுவதற்கு ஏற்ற மேடை எதுவும் அன்று இந்தியாவுக்குள் இல்லை என்பதே. தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஆலமரத்தடி என்றொரு பொதுப் பேச்சிடம் உண்டு, தெலுங்குக்கு ரச்சபண்ட உண்டு. ஒரு மரத்தடியில் பேசியது அடுத்த மரத்தடிக்குக் கேட்காது.

மும்பை மாநாடு இந்தப் பின்னணியில்தான் கூடியது. அதே 2011இல் புனே கல்லூரி மாணவர்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைத்த ஒரு சோதனைத் திட்டம், பிறர் எழுத்தை அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கத்தால் நிறுத்தப்பட்டிருந்தது. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களைக் கலக்காமல் மேலிருந்து வரும் திட்டங்கள் என்னாகும் என்பதற்கு அது இரண்டாவது சான்றாயிற்று. அடுத்த மாநாடு 2016 ஆகஸ்டில் சண்டிகரை ஒட்டிக் கூடியது. அதையொட்டிப் பல மொழியினரும் பஞ்சாபைப் பற்றித் தத்தம் மொழியில் எழுதும் போட்டி நடந்தது, வென்றது தமிழ். 2018இல் கூகுள் மறுபடி வந்தது. இம்முறை கட்டுரைகளோடு அல்ல; வேங்கைத் திட்டத்தின் வழியாக, எழுதுபவர்களுக்கு மடிக்கணினியும் இணைய உதவியும் தந்து, மொழிகளுக்கிடையே போட்டியும் வைத்தது. இந்த மாற்றம் முழுவதும் மாநாடுகளின் விளைவு என்பது மிகை. ஆனாலும், 2009இல் ஒவ்வொரு மொழியும் தனியாளாக எதிர்கொண்ட நிறுவனத்தை, ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பல மொழிகள் ஒரே திட்டத்துக்குள் சேர்ந்து எதிர்கொண்டன.

நேரில் கூடினால் முடிவுகள் அறைக்குள் எடுக்கப்படும், வர இயலாதவர் குரல் அடிபடும் என்பது ஒரு மறுப்பு. இந்த அச்சம் வீணல்ல. ஆனால் மாநாட்டில் கைதட்டு வாங்கிய யோசனையும் விக்கிப்பீடியாவின் பொதுப் பேச்சிடத்துக்கு வந்து இணக்கம் பெற்றால்தான் நடைமுறையாகும். அந்த வழக்கம் இருக்கும்வரை ஆபத்து குறைவு. 2021, 2022 விக்கிமேனியாக்கள் இணையத்திலேயே நடந்தனவே என்பது இன்னொரு மறுப்பு. ஏற்கெனவே அறிமுகமானவர்களுக்குக் காணொளி நன்றாகவே உதவும். அஸ்ஸாமியரும் மலையாளியும் முதன்முதலாக அறிமுகமாவது பெரும்பாலும் சாப்பாட்டு வரிசையில்தான். அது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அதற்கு இணைப்பும் அனுப்ப முடியாது.

எனக்குக் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறு. இது இந்திய மாநாடு. மொழிகளோ இந்தியாவோடு நிற்பவை அல்ல. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முன்னோடிப் பங்களிப்பாளர்களில் இலங்கைத் தமிழர்களின் இடம் பெரிது. வங்காளத்தில் வங்கதேசத்தவர் பங்கைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாபிக்கோ எல்லையின் இருபுறமும் இரண்டு எழுத்துகளில் இரண்டு விக்கிப்பீடியாக்கள். நாட்டின் பெயரில் கூடினால் கன்னடமும் ஒடியாவும் நெருங்கிவரும், யாழ்ப்பாணத்தார் விருந்தினராகிவிடுவார். மொழியின் பெயரில் கூடினால் இது தலைகீழாகும். மலையாளிகள் 2012இல் கொல்லத்தில் தமக்கென விக்கிசங்கமோத்ஸவம் தொடங்கினார்கள். தமிழர்கள் 2013இல் சென்னையில் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். இரண்டு வகைக் கூட்டமும் தேவை என்பதே என் எண்ணம். ஆனால் சண்டிகருக்குப் பின் 2023 ஏப்ரலில் ஹைதராபாத் மாநாடு கூடவே ஏழு ஆண்டுகள் ஆயின. இடையில் பெருந்தொற்று வந்தது உண்மை. ஆயினும் மும்பைக்கும் சண்டிகருக்கும் நடுவே எந்தத் தொற்றும் இல்லாமலே ஐந்து ஆண்டுகள் போயிருக்கின்றன.