கையிலே இலை, காதிலே நூல்

ஹந்தானை மலைச்சரிவில் மாலை நான்கு மணிக்கே பனி இறங்கிவிடும். கீழே பேராதனை வளாகத்தின் ஓட்டுக்கூரைகள் ஒவ்வொன்றாக மறையும். மேலே தேயிலைச் செடிகளின் வரிசை மட்டும் சிறிது நேரம் தெரியும். அப்படியொரு மாலையில் ஆசிரியர்களான நாம் ஐவர், நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தோம். நம்முள் ஒருவர் கியூபாவுக்குச் சென்று திரும்பியிருந்தார். அவர் கொண்டுவந்த மரப்பெட்டியில் இருபத்தைந்து சுருட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஹவானா ஆலையொன்றில் புதிதாகச் சுற்றத் தொடங்கியுள்ள வகை என்றார்.

அதற்கு எதிராக இன்னொரு நண்பர் தமது பையிலிருந்து ஒரு கட்டு யாழ்ப்பாணச் சுருட்டை எடுத்து வைத்தார். பழைய செய்தித்தாளில் சுற்றி, வாழைநாரால் கட்டிய கட்டு. "இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ, பிறகு தீர்ப்புச் சொல்லுங்கோ" என்றார்.

நாம் புகைத்தலுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. புகையிலை நுரையீரலையும் வாயையும் அரிக்கும் நஞ்சு என்பது இன்று பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அன்று நாம் சுவைத்தது ஒவ்வொன்றில் சில இழுப்புகளே. ஆனால் அந்தச் சில இழுப்புகள் நம்மை நெடுந்தூரம் அழைத்துச் சென்றன.

ஹவானாச் சுருட்டு தேக்கு நிறம். விரலால் அழுத்தினால் மெல்ல அமிழ்ந்து மீண்டும் எழும். நுனியை வெட்டிப் பற்றவைத்தோம். முதலில் மழை நனைத்த மண்ணின் வாசனை. பிறகு வறுத்த கோப்பியின் கசப்பு. பாதி எரிந்தபோது நாவில் மிளகின் உறைப்பு. சாம்பல் வெண்மையாய், ஒரு விரற்கடை நீளத்துக்கு உதிராமல் நின்றது. இலையை அடுக்கிய கையின் ஒழுங்கு அதில் தெரிந்தது. யாழ்ப்பாணச் சுருட்டோ கருமை, கனம். தேங்காய்ப் பொச்சின் புகையில் பதப்பட்ட இலையாதலால் பற்றவைக்குமுன்பே அடுப்படி மணத்தது. முதல் இழுப்பிலேயே தொண்டையைப் பிடித்தது. நம்முள் இளையவர் இருமி இருமிக் கண்ணீர் விட்டார். ஹவானா நயமானது, யாழ்ப்பாணம் முரடானது என்று தீர்ப்பு முடிந்தது.

கட்டைக் கொண்டுவந்த நண்பர் சிரித்தார். "என்ரை ஐயா கொக்குவிலிலை நாப்பது வருஷம் சுருட்டுச் சுத்தினவர். ஒருநாளும் பத்தினதில்லை. ஆனா பாரதம் முழுக்கச் சொல்லுவார். பள்ளிக்கூடத்திலை இரண்டாம் வகுப்பு."

இரண்டாம் வகுப்போடு நின்றவர் பாரதம் முழுதும் அறிந்தது எப்படி? இக்கேள்வியே இரண்டு சுருட்டுகளையும் ஒரே வரலாற்றில் கொண்டுபோய் நிறுத்தியது.

1492ஆம் ஆண்டு, கொலம்பஸ் கியூபாக் கரையில் இறக்கி உள்நாட்டுக்கு அனுப்பிய மாலுமிகள், அங்குள்ள மக்கள் இலைச்சுருளைக் கொளுத்திப் புகையை உள்ளிழுப்பதைக் கண்டனர். அந்த மக்களைச் சில தலைமுறைகளுக்குள் நோயும் அடிமை வேலையும் ஏறத்தாழ அழித்துவிட்டன. அவர்களுடைய இலை உலகை வென்றது. போர்த்துக்கேயர் வழியாக அது நம் கரைகளுக்கும் வந்தது. நாம் அதற்குப் புகையிலை என்று பெயரிட்டோம். சுருட்டியதைச் சுருட்டு என்றோம். அந்தத் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆகி, திருச்சிராப்பள்ளியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கப்பலேறி இலண்டன் சீமான்களின் வாயில் புகைந்தது. சொல்லைக் கொடுத்தவன் கூலியாகவே இருந்தான்.

இலை விளைந்த இடமெல்லாம் அரசின் கையும் நீண்டது. 1717இல் ஸ்பானிய முடியரசு கியூபாவின் புகையிலையைத் தன் ஏகபோகமாக்கியது. உழவர் மும்முறை கிளர்ந்தெழுந்தனர். 1723இல் ஹவானாவின் புறநகரில் அவர்களுட் பலர் தூக்கிலிடப்பட்டனர். அந்த ஏகபோகம் ஒழிய 1817வரை, ஒரு நூற்றாண்டு, காத்திருக்க நேர்ந்தது.

ஏகபோகம் போனபின் ஹவானாவில் சுருட்டாலைகள் பெருகின. நீண்ட மண்டபம், வரிசை வரிசையாய் மேசைகள், நூற்றுக்கணக்கான தொழிலாளர். விடுதலை பெற்றவரும் அடிமைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்து சுற்றிய காலமுமுண்டு. இந்த மண்டபங்களிலே 1865ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 'எல் பிகாரோ' என்னும் ஆலையின் தொழிலாளர் தங்களுக்குள் ஒருவரை எழுப்பி, நூலை உரத்து வாசிக்கச் செய்தனர். அவர் இழக்கும் கூலியை மற்றவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஈடுசெய்தனர். அதே ஆண்டில் சத்துர்னீனோ மார்த்தினெஸ் என்ற சுருட்டுத் தொழிலாளி தொடங்கிய 'லா அவுரோரா' என்னும் தொழிலாளர் ஏடு இவ்வழக்கத்தைப் பரப்பியது.

நாளடைவில் இதற்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. மண்டபத்தின் நடுவே உயர்ந்த மேடை, அதில் வாசகர். காலையில் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். எந்த நூல் என்பதைத் தொழிலாளரே வாக்களித்து முடிவு செய்வர். வாசிப்புப் பிடித்தால் இலை வெட்டும் கத்தியைப் பலகையில் தட்டுவர். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவர். செர்வாந்தெசும் ஹ்யூகோவும் டூமாவும் ஸோலாவும் எழுத்தறியாத மனிதரின் நெருங்கிய உறவினர் ஆயினர். டூமாவின் மொந்தே கிறிஸ்தோப் பிரபுவின் பெயரை இன்றும் ஒரு சுருட்டு வகை தாங்கி நிற்கிறது.

கேட்பது சிந்திப்பதற்கு முதற்படி என்பதை ஆளுவோர் விரைவிலேயே உணர்ந்தனர். 1866இல் காலனி அரசு ஆலைகளில் வாசிப்பதைத் தடைசெய்தது. தொழிலாளரின் கவனம் கெடுகிறது என்பது சொன்ன காரணம். கவனம் கூர்மையாகிறது என்பதே உண்மையான அச்சம். 1868இல் விடுதலைப் போர் மூண்டதும் பல தொழிலாளர் கடல் கடந்து புளோரிடாவுக்குச் சென்றனர். வாசகரின் மேடையும் அவர்களுடன் சென்றது. 1891இல் கவிஞர் ஹொசே மார்த்தி தாம்பா நகருக்கு வந்து பேசியபோது, அவரைக் கேட்க ஆயத்தமான செவிகள் அங்கே இருந்தன. அத்தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காசு விடுதலை இயக்கத்தின் முதலாயிற்று. 1895ஆம் ஆண்டின் எழுச்சிக் கட்டளையே ஒரு சுருட்டுக்குள் சுற்றி அனுப்பப்பட்டது என்று சொல்வார்கள்.

1931இல் தாம்பாவின் ஆலை முதலாளிகள் வாசகர்களை வெளியேற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், தோற்றனர். வாசகரின் இடத்தில் வானொலிப் பெட்டி வந்தது. வாசகரை நிறுத்தி, இந்தப் பக்கத்தை இன்னொருமுறை வாசி என்று கேட்கலாம்; வானொலியைக் கேட்க முடியாது.

இனி நம் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அங்கே ஆறு இல்லை, உள்ளது கிணறு. துலா மிதித்து இறைத்த நீரில், குழை தாழ்த்திப் பதப்படுத்திய செம்மண்ணில், ஒவ்வொரு கன்றையும் பிள்ளைபோல் வளர்த்தால்தான் புகையிலை. நுனி கிள்ளவேண்டும், பக்கமுளை ஒடிக்கவேண்டும், வெட்டிய இலையைப் பொச்சுப் புகையில் பதமாக்கவேண்டும். இந்த இலை திருவாங்கூருக்குப் போயிற்று. தோட்டக்காரரின் கல்வீட்டுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் பணம் தந்தது. ஆனால் தோட்டத்துக்கு நீர் இறைத்த கைகளுக்கே பல ஊர்க் கிணறுகளில் தண்ணீர் அள்ளும் உரிமை இருக்கவில்லை. இந்தக் கொடுமையை மறைத்துவிட்டு யாழ்ப்பாணப் புகையிலையின் பெருமையைப் பேசுவது வரலாறு ஆகாது.

கொக்குவில், கோண்டாவில், இணுவில், தாவடிப் பக்கங்களில் சுருட்டுக் கொட்டில்கள் இருந்தன. கிடுகு வேய்ந்த கூரை. சாணி மெழுகிய தரை. பாயில் வரிசையாய் இருந்து சுற்றும் தொழிலாளர். சுற்றிய எண்ணிக்கைக்குக் கூலி. அங்கேயும் ஒருவர் உரத்து வாசித்தார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்டார்கள். நண்பரின் தந்தை இருந்த கொட்டிலில், வாசிப்பவருடைய பங்குச் சுருட்டுகளை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்களாம். காலையில் 'ஈழகேசரி', 'வீரகேசரி'. வெயில் ஏறியபின் பாரதமோ இராமாயணமோ தொடர்கதையோ. கதை உச்சத்துக்கு வந்தால் கைகள் தாமே வேகம் குறையும், கொட்டில்காரர் செருமுவார், கைகள் மீண்டும் விரையும்.

ஹவானாவின் மேடையைக் கொக்குவில் கண்டதில்லை. கொக்குவிலின் பாயை ஹவானா கண்டதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் வேண்டியதில்லை. வேலையின் தன்மையே இருவருக்கும் ஒரே வழியைக் காட்டியது. சுருட்டுச் சுற்றும் இடத்தில் யந்திர இரைச்சல் இல்லை. எல்லோரும் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். கை பழகிவிட்டால் மனம் ஓய்ந்திருக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலியாதலால் கேட்கும் நேரத்துக்கு முதலாளி தனியே கணக்குப் போட முடிவதில்லை. கையை விற்றவன் காதை விற்கவில்லை. மலையாள நாட்டின் கண்ணூரில் பீடி சுற்றிய தொழிலாளரும் இவ்வாறே நாளேடும் நாவலும் கேட்டு வளர்ந்தவர்கள். ஆலை உரிமையாளர் புதிய தொழிற்சட்டத்துக்குப் பயந்து கதவடைத்தபோது, அவர்கள் 1969இல் 'தினேஷ் பீடி' என்ற கூட்டுறவைத் தாமே அமைத்தார்கள். கேட்டுப் பழகியவர்கள் கூடிப் பேசவும் முடிவெடுக்கவும் பழகியிருந்தார்கள்.

நாம் அமர்ந்திருந்த ஹந்தானையையே இதற்கு எதிர்ச் சான்றாகக் காணலாம். தேயிலைக் கொழுந்தெடுப்பதும் கைவேலைதான். ஆனால் மலை முழுவதும் பிரிந்து நின்று, கங்காணியின் குரலுக்குக் கீழே செய்யும் வேலை அது. விடியுமுன் பிரட்டுத் தப்பு. இருட்டியபின் லயத்து அறை. அந்நியர் தோட்டத்துள் நுழைவதே குற்றம். கோ. நடேசய்யர் புடவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்பது மலையக வரலாற்றின் புகழ்பெற்ற செய்தி. அவர் ஏடுகள் நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே செய்தியைச் சொன்னார். வாசகனுக்கு மேடை இல்லாத இடத்தில் பாட்டு அவ்வேலையைச் செய்தது. 1925இல் எழுந்த ஹந்தானைத் தேயிலை ஆலை 2001 முதல் அரும்பொருளகமாக இருக்கிறது. பழைய யந்திரங்கள் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கொழுந்து சுமந்தவர்கள் மாலைகளில் எதைப் பாடினார்கள் என்பதை யந்திரங்கள் சொல்லமாட்டா.

யாழ்ப்பாணச் சுருட்டு கண்டிக்கும் வந்தது. சிங்கள ஊர்கள் தோறும் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடை இருந்தது. கடைக்காரர் குடும்பத்தை ஊரில் விட்டு, கடைக்குப் பின்னால் சமைத்து உண்டு, சிங்களம் பேசி, கடன் கொடுத்து வாழ்ந்தார். சிங்கள உழவனுக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இடையே அந்தச் சுருட்டு ஓர் உறவாக இருந்தது. கடன் கொடுத்தவன் மீதான மனக்கசப்பும் அவ்வுறவில் கலந்திருந்தது. இனவெறியர் அதை ஊதிப் பெருக்கினர். நண்பரின் சிறிய தகப்பனார் இந்நகரில் அப்படியொரு கடை வைத்திருந்தார். 1983 யூலையில் கடை எரிந்தது. அடுத்த தெருச் சிங்களக் குடும்பம் ஒன்று அவரை இரண்டு நாள் தங்கள் வீட்டில் வைத்துக் காத்தது. அவர் ஊருக்குப் போனார்; திரும்பவில்லை.

தொழிலும் தேய்ந்தது. மலையாளச் சந்தை கைவிட்டுப் போயிற்று. சிகரெட்டு இளைஞரைப் பிடித்தது. 1990இல் போர் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியை அடைத்தது. கொட்டில்கள் ஒவ்வொன்றாய் வெறிச்சோடின. கியூபாவில் 1960இல் ஆலைகள் அரசுடைமையாயின. வாசகரின் குரல் நிலைத்தது. 2012இல் அவ்வழக்கம் நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அங்கே எல்லாம் பொன்னுலகம் என்று சொல்ல நாம் வரவில்லை. நாம் பற்றவைத்த சுருட்டுக்கு வெளிநாட்டுச் செல்வன் கொடுக்கும் விலை, அதைச் சுற்றியவரின் நாட்கூலியைப் பலமடங்கு விஞ்சும். எனினும் வாசகருக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. நம் கொட்டில் வாசகரைப்பற்றி நாம் எத்தனை பக்கம் எழுதிவைத்தோம்?

ஈழத்து முற்போக்கு இலக்கியம் பல்கலைக்கழக மண்டபங்களில் மட்டும் பிறந்ததன்று. டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யை ஒரு முடிதிருத்தகத்திலிருந்து நடத்தத் தொடங்கினார். தொழிலிடமே வாசிகசாலையாய், சங்கமாய், எழுத்துப்பட்டறையாய் இருந்த காலம் அது. பேராதனையில் படித்த நாமோ எழுதப்பட்டதையே படிப்பென்று எண்ணிவிட்டோம். கேட்டுக் கற்றவர்களின் அறிவு நம் கணக்கில் ஏறவில்லை.

இரவு நண்பர் இன்னொன்றும் சொன்னார். தந்தையின் இறுதி நாட்களில் கண் மங்கிவிட்டது. பேத்தி கட்டிலருகே அமர்ந்து நாளேட்டை வாசிப்பாள். அவருடைய விரல்கள் போர்வையின் ஓரத்தைப் பிடித்து மெல்லச் சுருட்டிக்கொண்டே இருக்கும். வாசிப்பு நின்றால் விரல்களும் நிற்கும்.

அக்கொட்டில்களில் இருந்து கேட்டவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எண்பதைக் கடந்தவர்கள். எந்த நூல்கள் வாசிக்கப்பட்டன, யார் தெரிந்தெடுத்தார்கள், எந்த இடத்தில் கைகள் நின்றன, யார் பாயில் இடம்பெற்றார்கள், யார் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை அவர்களே சொல்லமுடியும். ஆசிரியர்கள் தங்கள் மாணவரை இந்த விடுமுறையில் அவர்களிடம் அனுப்பலாம். ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

ஹவானாப் பெட்டியில் எஞ்சியவற்றை நண்பரே எடுத்துச் சென்றார். யாழ்ப்பாணக் கட்டைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளை நாம் விரித்து, விளக்கடியில் வைத்து, எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தோம். மற்ற நால்வரும் கேட்டார்கள்.