கை வைத்த ஷொக் அப்சோபர்

எம்ஜிபி காரின் முன்சில்லைக் கழற்றினால், ஷொக் அப்சோபர் என்றதும் இன்று நினைவுக்கு வருகிற நீளமான உருளை அங்கே இராது. குறுக்குச் சட்டத்தின் மேல் நான்கு போல்ட்டால் இறுக்கிய கனத்த வார்ப்புப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இரண்டு இரும்புக் கைகள் நீண்டு, சில்லைத் தாங்கும் கிங் பின்னின் மேல்நுனியைப் பிடித்திருக்கும். சில்லு எழுந்து விழும்போது கைகளும் எழுந்து விழும். பெட்டிக்குள் இரண்டு பிஸ்டன்கள் ஒயிலைச் சிறு வால்வு வழியாக நெரித்துத் தள்ளும். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது அந்த நெரிசல்தான். ஆனால் கைகளுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. சில்லுக்குக் கீழ்ப்பிடி விஷ்போன். மேல்பிடி இந்தக் கைகள் மட்டுமே.

இங்கிலாந்தில் பழைய எம்ஜி கார்களைத் திருத்துவது என் தொழில். ஷொக் அப்சோபர் தேய்ந்து வருகிறவர்களில் பலர், "இந்தப் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு உருளை பூட்டித் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். பூட்டலாம். அதற்கு முன் இந்தப் பெட்டி வந்த வழியை அவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் நான் ஸ்பனரை எடுப்பேன்.

முதல் கார்களில் ஷொக் அப்சோபர் கிடையாது. குதிரைவண்டிக்கு இருந்த, தகடு தகடாக அடுக்கிய ஸ்பிரிங்கே காருக்கும் வந்தது. தகடுகள் ஒன்றோடொன்று உரசும் தடை வண்டி வேகத்துக்குப் போதும். கார் வேகத்துக்குப் போதவில்லை. பிரான்ஸில் த்ரூஃபோ என்பவர் உராய்வையே கருவியாக்கினார். எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் அதை எடுத்துப் போய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தன் பெயரில் விற்றார். கத்தரிக்கோல் போல இரண்டு கைகள்; மூட்டில் வட்டத் தட்டுகள்; நடுவில் ஒரு நட். நட்டை இறுக்கினால் கார் விறைக்கும், தளர்த்தினால் இளகும். லண்டனில் ஆந்த்ரே நிறுவனம் அதைச் செய்து விற்றது. 1929இல் வந்த எம்ஜி எம்-டைப் மிட்ஜெட்டில் இருந்தவை ஹார்ட்ஃபோர்ட் வகைதான். பின்னர், ஓடும்போதே ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து இறுக்கக்கூடிய டெலிகண்ட்ரோல் வகையும் வந்தது.

உராய்வின் குணம் காருக்கு ஏறுக்குமாறானது. அசையத் தொடங்கும் வரைதான் அதற்குப் பிடிவாதம், அசைந்துவிட்டால் இளகிவிடும். சிறு கல்லில் ஏறினால் கார் முழுவதும் அதிரும். பெரும் பள்ளத்தில், தடை மிக வேண்டிய நேரத்தில், வழுக்கிக் கொடுக்கும். ஒயில் இதற்கு நேர்மாறு: மெல்லத் தள்ளினால் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் எதிர்த்து நிற்கும். மொரிஸ் ஹூடை என்ற பிரெஞ்சுக்காரர் முதல் உலகப் போருக்கு முன்பே ஒயிலில் இயங்கும் கருவியைக் கண்டிருந்தார். 1927 முடிவில் வந்த ஃபோர்ட் மொடல் ஏ அந்த வகையைப் பூட்டிக்கொண்டதும் உராய்வுத் தட்டின் காலம் முடியத் தொடங்கியது. இங்கிலாந்தில் இந்தத் தொழிலை வளர்த்தவர்களில் முக்கியமானவர், யோர்க்‌ஷயரின் பெவர்லி நகரத்துக் கோர்டன் ஆம்ஸ்ட்ரோங். எம்ஜிபியின் பெட்டியில் இருப்பது அவர் பெயர்தான்.

துள்ளலை அடக்கும் கையையே சில்லின் மேல்பிடியாகவும் ஆக்கியது எனக்கு இன்றும் வியப்பு. தனியாக ஒரு மேல் விஷ்போன் தேவையில்லை. இரும்பும் மிச்சம், இடமும் மிச்சம். ஒக்ஸ்ஃபோர்ட்டுக்குப் பக்கத்திலுள்ள கௌலியில் பொறியாளர் அலெக் இசிகோனிஸ் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வரைந்த முன்பக்க அமைப்பு 1947இல் எம்ஜி ஒய்-டைப்பில் வந்தது. அங்கிருந்து டிடி, 1955இல் எம்ஜிஏ, 1962இல் சிட் எனவர் வடிவமைத்த எம்ஜிபி. இதே எண்ணம்தான் 1948இன் மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ40இலும்.

அந்த இரண்டு கார்களிலும்தான் நான் தொழில் பழகினேன். யாழ்ப்பாணத்தில் அவை வாடகைக்கும் கல்யாணத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தன. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது புதுக் கார் வரவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலே வரவில்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அந்த நிலையில் ஷொக் அப்சோபருக்கு எங்கே போவது? திறந்துதான் திருத்த வேண்டும். எங்கள் கராஜ் பாஸ் காரை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார்: "தம்பி, கையைப் பிடிச்சு ஆட்டிப் பார். மேலயும் கீழயும் பாரமா அசைஞ்சா அது வேலை செய்யுது. பக்கப்பாட்டுக்கு ஆடினா அதுக்கு வருத்தம்."

எம்ஜிபிக்கும் அதே சோதனைதான். ஒயில் குறைந்தால் மூடியைத் திறந்து ஊற்றலாம்; நான் மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஒயில் விடுகிறேன். கைகளைத் தாங்கும் குறுக்குத் தண்டு தேய்ந்திருந்தால் ஒயில் ஊற்றிப் பயனில்லை. தண்டு ஆட ஆட சீல் கிழியும். புதுச் சீலும் அதே வழியில் போகும். மேல்பிடி ஆடுவதால் சில்லின் சாய்வும் நிலையில்லாமல் மாறும், ரயர் ஒருபக்கமாகத் தேயும். பெட்டியின் துளையைக் கடைந்து புது புஷ் இறக்கி, தண்டை அதில் இறுக்கமாக ஓடவிட்டால்தான் குணமாகும்.

உருளை கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தத் தண்டைத்தான். முன்பக்கத்துக்கு விற்கும் உருளைத் தொகுப்புகளில் பல, பழைய பெட்டியை மேல்பிடியாக அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் உருளையைச் சேர்க்கின்றன. ஆடுகிற தண்டு அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். பின்பக்கத்தில் கைக்கு இந்தப் பொறுப்பு இல்லை. அங்கே உருளை கேட்டால் மறுக்காமல் பூட்டிவிடுவேன். 1974 இலையுதிர்காலத்துக்குப் பிறகு வந்த கார்களைப் பற்றி வேறொரு முறைப்பாடும் உண்டு, வளைவில் சாய்கிறது என்று. அமெரிக்கச் சட்டங்களுக்காக அப்போது காரை உயர்த்தினார்கள், முன்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பியையும் சில காலம் எடுத்துவிட்டார்கள். அதற்கு ஷொக் அப்சோபரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

முன்பக்கப் பெட்டியை மாற்றும்போது உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே ஜக்கை வைத்து ஸ்பிரிங்கை அமுக்கி வைத்த பிறகே, கைகளைக் கிங் பின்னோடு இணைக்கும் மேல்பின்னைக் கழற்ற வேண்டும். மேல்பிடி போனதும் சுருண்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஜக் ஒன்றுதான். அது சறுக்கினால் ஸ்பிரிங் பாயும். திருத்தி வந்த பெட்டியைப் படுக்க வைக்கக்கூடாது, காற்று உள்ளே இறங்கிவிடும். நிமிர்த்திப் பிடித்து, கையை முழுவீச்சுக்கு ஆட்டி ஆட்டி, தடை ஒரே சீராக வந்த பிறகு பூட்ட வேண்டும்.

எம்ஜியின் ஏபிங்டன் தொழிற்சாலை 1980 ஒக்டோபரில் மூடப்பட்டது. அதற்குள் அரை மில்லியனுக்கு மேல் எம்ஜிபிகள் அங்கிருந்து வெளியேறியிருந்தன. இந்தப் பெட்டிகளைத் திருத்தும் பட்டறைகள் இன்றும் பழையதை வாங்கிக்கொண்டு திருத்தியதைத் தருகின்றன. ஒயில் வற்றி, துருப்பிடித்து, தண்டு தொளதொளத்த பெட்டியைக்கூட எடுத்துக்கொள்வார்கள். வார்ப்பில் வெடிப்பு இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.