ஜெனிவாவும் நம்ம களத்து மேடும்



குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துக் காத்திருக்கிறீர்கள். அந்த நெல்லின் விலைக்கும் ஜெனிவாவில் இருக்கிற உலக வர்த்தக அமைப்புக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா?

கொஞ்சம் பழைய கதையைப் பாருங்க. 1930களில் உலகெங்கும் விலை வீழ்ச்சி. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் சென்னை மாகாணத்தில் வந்து இறங்க, தஞ்சாவூர் நெல் விலை சரிந்தது. 1937 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்த மாகாணம். அந்த அரிசிக்குச் சுங்கம் போட வழியில்லை. கரையில்லாத வாய்க்கால் என்ன செய்யும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்லித் தரணுமா?

1948இல் ‘காட்’ ஒப்பந்தத்தில் தொடக்க உறுப்பினராக இந்தியா சேர்ந்தது. அரிசிக்கு இறக்குமதி வரி இல்லை என்று அந்தப் பழைய பேச்சுகளில் ஒத்துக்கொண்டது. நாடு அரிசிக்கு ஏங்கிய காலம் அது. வேறு இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் கரையாக நின்றன. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது.

1995 ஜனவரி 1இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. கட்டுப்பாடுகள் போகப் போகின்றன என்றதும் பழைய கையெழுத்து உறுத்தியது. 1999இல் மறுபடி பேசி, நெல்லுக்கு 80 சதம், அரிசிக்கு 70 சதம் வரை வரி போடும் உரிமையை மீட்டார்கள். அதற்கு ஈடாக வேறு சரக்குகளில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு முடிச்சும் உண்டு. அரசு கொள்முதல் விலையை 1986–88ஆம் ஆண்டு வெளி விலையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மானியம் என்கிறார்கள். அது விளைச்சல் மதிப்பில் 10 சதத்தைத் தாண்டக்கூடாது. முப்பது வருஷத்துக்கும் மேல் பழைய விலை இன்றைக்கு எப்படிப் பொருந்தும்? 2013இல் பாலி மாநாட்டில் வாதாடி, உணவு இருப்புக்கான கொள்முதல் மேல் வழக்கு வராதபடி ஒரு பாதுகாப்பு வாங்கினார்கள். 2018–19இல் அரிசிக் கணக்கு வரம்பைத் தாண்டியபோது அதுதான் குடை பிடித்தது. நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை.

லாபமே இல்லையா? உண்டு. இன்று உலகில் அதிக அரிசி ஏற்றுமதி செய்வது இந்தியா. விதை விஷயத்திலும், 2001ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் விளைச்சலில் விதை எடுத்து வைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள உரிமை தருகிறது.

ஊர்ச் சீட்டில் சேர்ந்தவன் கணக்கு நோட்டைத் தானும் பார்க்கணும். அடுத்த பேச்சுவார்த்தைச் செய்தி வந்தால், ‘கொள்முதல் என்ன ஆகும்?’ என்று உங்கள் பிரதிநிதியைக் கேளுங்க.