குறிஞ்சி: பூவும் பண்ணும் ராகமும்

கொடைக்கானலில் குறிஞ்சி என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் எவரும் இரண்டில் ஒன்றைக் காட்டுவார்கள். ஒன்று, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சரிவுகளை நீலமாக்கும் பூ. அது 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். மற்றொன்று, குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் 1936இல் கட்டிய முருகன் கோயில் அது. இசை கற்றவரிடம் கேட்டால் மூன்றாவதாக ஒரு பொருள் சொல்வார்: அது ஒரு ராகம். மலைக்கும் அந்த ராகத்துக்கும் இடையே ஈராயிரம் ஆண்டு உறவு இருப்பது பாடுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாமல் போய்விட்டது.

தொடக்கம் பூதான். கரிய தண்டும் தேன் நிறைந்த பூவுமாகக் குறிஞ்சி குறுந்தொகையின் 3ஆம் பாடலில் வருகிறது. பூவின் பெயர் மலைநிலத்துக்கு ஆகி, அந்நிலத்துக்குரிய ஒழுக்கத்துக்கும் ஆயிற்று. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை என்று கருப்பொருள்களை அடுக்கும்போது யாழையும் சேர்க்கிறது. அங்கே யாழ் என்பது நரம்புக் கருவியை மட்டும் குறிக்கவில்லை; அதில் எழும் பண்ணையும் குறிக்கிறது. மலைநிலத்தின் பண் குறிஞ்சி யாழ். பாலை, மருதம், செவ்வழி ஆகியவற்றோடு அதுவும் நாற்பெரும் பண்களில் ஒன்று.

அந்தப் பண் என்ன செய்யும் என்பதை அகநானூற்றின் 102ஆம் பாடல் காட்டுகிறது. தினைப்புனத்தில் காவல் இருக்கும் மலைப்பெண் கூந்தலைக் கோதியபடி குறிஞ்சி பாடுகிறாள். கதிரை மேய வந்த யானை தின்னவும் இல்லை, நகரவும் இல்லை. நின்ற இடத்திலேயே கண் மூடித் தூங்கிவிடுகிறது. கவணும் கூச்சலும் செய்ய வேண்டிய காவலை ஒரு பண் செய்துவிட்டது.

தேவாரத்தில் இந்தப் பெயர் கிளை விட்டது. சம்பந்தரின் முதல் திருமுறையில் 75 முதல் 103 வரையான பதிகங்கள் குறிஞ்சிப் பண். தொடர்ந்து 128 வரை வியாழக்குறிஞ்சி. அதன்பின் 135 வரை மேகராகக்குறிஞ்சி. ஓதுவார்கள் இவற்றை முறையே அரிகாம்போதி, சௌராஷ்டிரம், நீலாம்பரி ராகங்களில் பாடுகிறார்கள். நீலாம்பரி தாலாட்டுக்குப் பேர் பெற்றது. தூங்கவைக்கும் ஒரு ராகம் குறிஞ்சி என்ற பெயரைத் தாங்கி நிற்பதைக் காணும்போது அகநானூற்று யானையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கச்சேரியில் பாடப்படும் குறிஞ்சி வேறு. அது சங்கராபரணத்தின் ஜன்யம். ஆரோகணம் ஸ நி ஸ க ம ப த. அவரோகணம் த ப ம க ரி ஸ நி ஸ. கீழே மந்தர நிஷாதம், மேலே தைவதம். மேல் ஷட்ஜத்தை அது தொடுவதே இல்லை. எல்லை குறுகியதால் மத்தியம சுருதி வைத்துப் பாடுவது வழக்கம். முத்துசுவாமி தீட்சிதரின் ‘ஸ்ரீ வேணுகோபால’ இந்த ராகத்தில்தான் அமைந்தது. அன்னமாச்சாரியாரின் ‘முத்துகாரே யசோதா’வும் இன்று இதில்தான் பாடப்படுகிறது. ஓதுவாரின் அரிகாம்போதியையும் இதன் தாயான சங்கராபரணத்தையும் அருகருகே வைத்தால், சுர வகையில் வேறுபடுவது ஒன்றே ஒன்று: நிஷாதம். முன்னதில் கைசிகி, பின்னதில் காகலி. பழந்தமிழர் தாரம் என்று அழைத்த சுரம் அது. சங்ககாலக் குறிஞ்சி யாழ் இன்றைய எந்த ராகம் என்பதிலோ ஆய்வாளர்கள் ஒருமிக்கவில்லை. பண்ணின் உருவம் மாறியிருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

இவ்வளவு தூரம் வந்த பெயர் இப்போது உச்சரிப்பில் தேய்கிறது. றகரத்துக்கு நுனிநா அண்ணத்தை ஒற்ற வேண்டும், ரகரத்துக்கு வருட வேண்டும் என்று தொல்காப்பியர் வேறுபாட்டைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். குமரி மாவட்டப் பேச்சில் அந்த வேறுபாடு இன்னும் கேட்கிறது. மலையாளத்தில் ‘குறிஞ்ஞி’ என்று கடைசி எழுத்து குழைந்தாலும் றகரம் குலையவில்லை. இசைப் பட்டியல்களிலோ இந்த ராகம் பிறமொழி எழுத்தின் வழியாகக் ‘குரஞ்சி’ ஆகி, அப்படியே தமிழர் வாயிலும் திரும்பி வருகிறது. றகரம் ரகரமானதோடு நிற்கவில்லை, இகரமும் அகரமாகிவிட்டது. குரஞ்சி என்று கேட்கும் மாணவருக்குப் பூவும் நினைவுக்கு வராது, மலையும் வராது. அது பொருளற்ற ஒரு குறியீடு மட்டுமே.

ராகத்தின் பெயரைச் சரியாகச் சொல்வதைப் பண்டிதர்களின் பிடிவாதம் என்று நான் கருதவில்லை. நிஷாதத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் ஆசிரியர் உடனே நிறுத்தித் திருத்துகிறார். பெயருக்கும் அதே கவனம் வேண்டும். ஆரோகணம் சொல்லித்தரும் அன்றே குறிஞ்சி என்று எழுதிக் காட்டி, றகரத்தை அழுத்திச் சொல்லவைத்து, இது மலையின் பண் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். பெயர் மாணவரின் நாவில் நிலைத்துவிடும். 2030இல் பூவைப் பார்க்கக் கொடைக்கானல் மலைக்கு ஏறும் பிள்ளைக்கு, தான் வகுப்பில் பாடியதற்கும் இந்தச் சரிவுக்கும் ஒரே பெயர் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.