மலையேரியில் கூடாரம்

பாசறை என்னும் சொல் நம் மொழியில் மிகப் பழமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, காட்டாற்றின் பக்கத்தே மன்னன் ஒருவன் அமைத்த பாசறையை விரிவாகக் காட்டுகிறது. அங்கே கூடாரங்கள் உண்டு, யானைகள் உண்டு, விழித்திருக்கும் காவலர் உண்டு. பொழுதுபோக்கு என்பது மட்டும் அங்கே இல்லை. போர் கருதி மனையாளைப் பிரிந்து, மழைக்காலத்துக் காட்டில் தங்குவதே அக்காலத்துப் பாசறை வாழ்வு. களிப்பின் பொருட்டு ஒருவர் தம் வீட்டை விட்டுச் சென்று, துணிக்கூடாரத்தில் உறங்கி மகிழ்வது அண்மைக் காலத்தில் எழுந்த வழக்கம். 1907ஆம் ஆண்டில், இங்கிலாந்தைச் சார்ந்த பிரவுன்சீ என்னும் சிறு தீவில், பேடன் பவல் இருபது சிறுவர்களைக் கூட்டிச் சென்று ஒரு முகாம் நடத்தினார். சாரண இயக்கத்துக்கு அதுவே வித்தாயிற்று. கூடார வாழ்வை உலகெங்கும் இளைஞரிடையே பரப்பியதில் அவ்வியக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் பலர், கோடை விடுமுறையில் ஊர் திரும்பும்போது, பிள்ளைகளுக்கு ஒரு மலைக்காட்டைக் காட்ட விரும்புகின்றனர். அவ்வாறு விரும்புவோர் நாடும் இடங்களுள் இரண்டு, கேரள மாநிலத்தின் எல்லையோரத்தில் உள்ளன. ஒன்று, இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் தேக்கடியை அடுத்துள்ள பெரியாற்று ஏரி. மற்றொன்று, பாலக்காடு மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள பறம்பிக்குளம். முன்னதன் பெயரை நாம் செய்தித்தாள்களில் அடிக்கடி காண்கிறோம்; ஆயினும் இரு மாநிலங்களின் வழக்காகவே காண்கிறோம். அவ்வேரிகளின் கரையில் யார் யார், எக்காலத்தில், எதன் பொருட்டுத் தங்கினர் என்பதைச் சிறிது நினைவு கூர்வது பயனுடையதாகும். ஏனெனில், இன்று அங்கே நாம் அடிக்கும் கூடாரம், முன்னே பலர் துன்புற்றுத் தங்கிய நிலத்தில் அடிக்கப்படுவதாகும்.

பெரியாற்று ஏரியைக் காண்போர் அதனை இயற்கை வழங்கிய ஏரி என்றே எண்ணுவர். நாற்புறமும் அடர்ந்த காடு. நடுவே வளைந்து வளைந்து செல்லும் நீர்ப்பரப்பு. உண்மையில் அது மனிதர் கட்டிய அணையால் விளைந்த ஏரி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் பெருமழை பெரியாறாகி மேற்கே சென்று அரபிக்கடலில் கலந்தது. அதே மலையின் கிழக்கே, வையை பாயும் நாட்டில், மழை பொய்த்த ஆண்டுகளில் குடிநீருக்கும் வழியில்லை. மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்பலாகாதா என்னும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, பொருட்செலவு மிகுதி கண்டு கைவிட்டார். 1808ஆம் ஆண்டில் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளரும் இது இயலாத செயல் என்று எழுதினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம், இயலாது என்று ஒதுக்கிய செயலை இயற்றியே ஆக வேண்டிய செயலாக மாற்றியது.

1882ஆம் ஆண்டில் ஜான் பென்னிகுயிக் என்னும் இராணுவப் பொறியாளர் திட்டம் வகுக்கும் பொறுப்பை ஏற்றார். 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை, 999 ஆண்டுக் காலம் என்பன அதன் முதன்மைச் செய்திகள். 1887இல் வேலை தொடங்கியது. அன்று தொடங்கியதே அம்மலையின் பெரும் பாசறை. பட்டாளத்தைச் சேர்ந்த பயனியர் படையினரும், சமவெளியிலிருந்து சென்ற கூலித் தொழிலாளரும் காட்டு நடுவே குடிசைகளிலும் கூடாரங்களிலும் தங்கினர்.

அப்பாசறையின் வாழ்க்கை எத்தகையது? அரிசியும் சுண்ணாம்பும் கருவிகளும் அடிவாரத்திலிருந்து மலையேற வேண்டும். யானைகள் குடிசைகளைத் தாக்கும். பெருமழை பெய்தால் ஆறு பொங்கி, பல மாத உழைப்பால் எழுப்பிய தற்காலிக அணைகளை அடித்துச் செல்லும். இவை அனைத்தினும் கொடியது மலைக்காய்ச்சல். கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டில். அணை கட்டி முடிந்து இரண்டாண்டு சென்ற பின்னர். எனவே எதனால் நோய் வருகிறது என்றே அறியாமல் மக்கள் நோயுற்றனர், நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இத்தனைக்கும் இடையே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் அணை எழுந்தது. ஏரி நீரைக் கிழக்கே கொண்டு செல்ல, மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் சுரங்கம் வெட்டப்பட்டது. 1895ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கு உழவர் இன்றும் சனவரி 15ஆம் நாளில் பென்னிகுயிக்கின் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். மலையடிவாரத்தில் ‘லோயர் கேம்ப்’ என்று வழங்கும் ஊர், முகாம் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது.

அணையில் நீர் தேங்கத் தேங்க, பள்ளத்தாக்கில் நின்ற காடு மூழ்கியது. மரங்கள் நின்ற நிலையிலேயே மடிந்தன. நூறாண்டுக்கு மேல் கடந்த பின்னும் அவற்றின் கரிய அடிமரங்கள் நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்பதைத் தேக்கடிக்குச் செல்வோர் காணலாம். அவற்றின்மீது நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகு உலர்த்துகின்றன. மூழ்கிய காட்டுக்கு ஈடாக, கோடையிலும் வற்றாத நீர்நிலை ஒன்று விலங்குகளுக்கு வாய்த்தது. யானைக் கூட்டம் கரைக்கு வந்து நீராடுவதும், ஏரியை நீந்திக் கடப்பதும் அங்கே இயல்பான காட்சிகளாயின.

விலங்கு கூடும் இடத்தில் வேட்டையும் கூடுவது அக்கால வழக்கம். கையில் துப்பாக்கியுடன் காட்டில் முகாமிடுவதே அன்றைய செல்வர்க்கும் அதிகாரிகளுக்கும் உகந்த பொழுதுபோக்கு. திருவிதாங்கூர் அரசு 1899இல் ஏரியைச் சூழ்ந்த காட்டைக் காப்புக் காடாக அறிவித்திருந்தது. 1933இல் ராபின்சன் என்பவரை வனவிலங்குக் காப்பாளராக அமர்த்தியது. அடுத்த ஆண்டில் நெல்லிக்காம்பட்டி என்னும் பெயரால் விலங்குப் புகலிடம் ஒன்றை ஏற்படுத்தியது. எடப்பாளையத்தில் மன்னருக்கென எழுந்த ஏரி மாளிகை இன்று விடுதியாக உள்ளது. புகலிடம் 1950இல் விரிவாக்கப்பட்டு, 777 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரியாறு சரணாலயமாயிற்று; 1978இல் புலிகள் காப்பகமாயிற்று.

துப்பாக்கி ஓய்ந்து தொலைநோக்கி வந்த அந்த மாற்றத்தின் அடையாளமாக ஒருவரைக் குறிப்பிடலாம். பறவையியல் அறிஞர் சாலிம் அலி, 1933ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவில் மலைநாடெங்கும் முகாமிட்டுப் பறவைகளை ஆராய்ந்தார். ஆய்வின் பொருட்டு அவரும் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவரே. எனினும், ஒரு பறவை எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, எப்போது கூடு கட்டுகிறது என்று அறிவதே அவர் முகாமின் நோக்கமாக இருந்தது. அப்பயணத்தில் அவர் தங்கிய இடங்களுள் ஒன்று குரியார்குட்டி. அது பறம்பிக்குளத்துக் காட்டில் உள்ளது. அவரோடு நாமும் அங்கே செல்வோம்.

பறம்பிக்குளத்தில் ஏரி தோன்றுமுன் மரவேலை முகாம்கள் இருந்தன. தேக்கும் ஈட்டியும் செழித்த அக்காட்டிலிருந்து மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டு செல்ல, கொச்சி அரசு ஏறத்தாழ 50 மைல் நீளமுள்ள டிராம் பாதை ஒன்றை அமைத்தது. அது இயங்கத் தொடங்கியதும் 1907ஆம் ஆண்டிலேதான். செங்குத்தான சரிவுகளில் மரம் ஏற்றிய பெட்டிகள் கீழே இறங்கும். அவற்றின் எடையே வெற்றுப் பெட்டிகளை மேலே இழுத்துவிடும். இங்கிலாந்துச் சிறுவர் கூடாரத்தில் மகிழ்ந்திருந்த அதே ஆண்டில், இம்மலைக்காட்டில் மனிதர் தங்கியது மரம் வெட்டிப் பிழைப்பதற்காக. மழுவுக்குத் தப்பிய மரங்களுள் ஒன்றாகிய கன்னிமரா தேக்கு, பலர் கைகோத்தாலன்றித் தழுவ இயலாத பருமனுடன் இன்றும் நிற்கிறது.

நாடு விடுதலை பெற்றபின், பெரியாற்றில் நிகழ்ந்த கதையே இங்கும் வேறு வகையில் நிகழ்ந்தது. மேற்கே ஓடும் மலையாறுகளைக் கொங்கு நாட்டின் வறண்ட நிலங்களுக்குத் திருப்பும் பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைக் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1961ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகள் கேரள மண்ணில் எழுந்தன. அவற்றை இயக்குவது தமிழகம். நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் 1970ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் கையெழுத்தாயிற்று. இக்காட்டுக்குக் கேரளத்தார் வண்டியில் செல்ல வேண்டுமாயினும், பொள்ளாச்சி வழியே சேத்துமடை, டாப்சிலிப் கடந்து, தமிழக எல்லைக்குள் நுழைந்தே செல்ல வேண்டும். நிலம் ஒருவருடையது, நீர் மற்றவர்க்கு, வழியோ இருவர்க்கும் பொது என்று அமைந்த இடம் அது. 1973இல் சரணாலயமாகவும் பின்னர்ப் புலிகள் காப்பகமாகவும் ஆன அக்காட்டில், ஏரித் தீவில் இரவு தங்கவும் மூங்கில் தெப்பத்தில் செல்லவும் வனத்துறையினர் ஏற்பாடு செய்துள்ளனர்.

இதுவரை கூறியவற்றில் மன்னரும் பொறியாளரும் அறிஞரும் வந்தனர். அவர்கள் எவர்க்கும் முன்னரே அக்காடுகளைத் தம் இல்லமாகக் கொண்டிருந்தோர் வேறு. பெரியாற்றங்கரையில் மன்னான், பளியர் ஆகியோரும், பறம்பிக்குளத்தில் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகியோரும் வாழ்ந்தனர். அணைகளின் நீர் அவர்தம் பள்ளத்தாக்குகளை மூடியது. மன்னானும் பளியரும் காட்டின் உட்பகுதியிலிருந்து குமுளிப் பக்கமாகக் குடிபெயர்க்கப்பட்டனர். பிழைப்புக்கு வேறு வழியின்றிக் காட்டுப்பொருளைத் திருட்டுத்தனமாக எடுப்போரும், அவர்களைத் துரத்தும் வனக்காவலரும் என இரு தரப்பினர் பல ஆண்டு பகைத்து நின்றனர்.

இப்பகை தணிந்த விதம் நாம் அறிந்து போற்றத்தக்கது. 1990களின் பிற்பகுதியில் தேக்கடியில் புதிய முறை ஒன்று தொடங்கியது. லவங்கத்தை ஒத்த வயணா மரத்தின் பட்டையைக் களவாக உரித்து விற்று வந்த இருபதுக்கு மேற்பட்டோர், அத்தொழிலை விட்டு வழிகாட்டிகளாக முன்வந்தனர். அவர்கள்மீதிருந்த வழக்குகளால் அலைக்கழிந்த குடும்பங்களுக்கு இதனால் நேரிய வருவாய் கிட்டியது. சிறு சிறு குழுவாகப் பயணிகளை அழைத்துச் சென்று, காட்டில் கூடாரம் அடித்து, சமைத்து உணவளித்து, இரவில் காவலிருந்து, விடிந்ததும் விலங்கின் தடம் காட்டுவது அவர்கள் பணி. யானை வரும் வழியையும் காற்று வீசும் திசையையும் அவர்கள் கற்றது கள்ளத்தனமாக நடந்த நாட்களில். அவ்வறிவே இன்று விருந்தினரையும் காட்டையும் காக்கிறது. மலசரும் காடரும் பறம்பிக்குளத்தில் இவ்வாறே வழிகாட்டிகளாக உள்ளனர்.

காட்டின் முறையை மறந்த களிப்பு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கும் இவ்வேரி சான்று பகர்கிறது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று பெரியாற்று ஏரியில் கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விடுமுறையைக் கழிக்கப் பல மாநிலங்களிலிருந்து சென்றவர்கள் அவர்கள். ஏரியின் அமைதியான தோற்றத்தைக் கண்டு அதன் ஆழத்தை மறத்தலாகாது.

அணையின் உறுதி பற்றியும் நீர்மட்டம் பற்றியும் இரு மாநிலங்களிடையே நெடிய வழக்கு நடந்ததும், நீர்மட்டம் 142 அடி வரை இருக்கலாம் என 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவையே. தம் நிலத்துக்கு நீர் வேண்டும் உழவரின் கவலையும், அணைக்குக் கீழே குடியிருப்போரின் அச்சமும் இரண்டும் மக்களின் கவலைகளே. வெளிமாநிலத்தில் வாழும் நாம், பிறமொழி பேசும் அண்டை வீட்டாருடன் நீரையும் படிக்கட்டையும் பகிர்ந்து வாழப் பழகியவர்கள். இதனை நிதானத்துடன் நோக்கும் தகுதி நமக்குச் சற்று மிகுதியாகவே உண்டு.

ஆகவே, அடுத்த விடுமுறையில் குடும்பத்துடன் அங்கே செல்வோர் சில செய்திகளை நினைவிற் கொள்வது நலம். இஷ்டப்பட்ட இடத்தில் கூடாரம் அடிக்க அங்கே அனுமதி இல்லை. வனத்துறையின் ஏற்பாட்டிலேயே தங்க வேண்டும். முன்னரே பதிவு செய்து கொள்ளல் வேண்டும். பிளாஸ்டிக் பொருளைக் காட்டில் விட்டு வருதல் தகாது. உரத்த பேச்சும் ஒலிபெருக்கியும் வேண்டா. வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும். இவை அரசு விதித்த விதிகள் என்பதனோடு, விருந்தினர்க்கு உரிய பண்புமாகும். அந்த நீர் உழவருடையது. அந்தக் காடு விலங்குகளுடையது. அந்த மண்ணின் வழித்தடங்கள் மலைமக்களுடையவை. போருக்கும் பிழைப்புக்கும் வேட்டைக்கும் எழுந்த பாசறைகள் எல்லாம் கலைந்தபின், காண்பதற்காக மட்டும் ஓரிரவு தங்கும் உரிமை நமக்கு வாய்த்துள்ளது. வந்த சுவடு தெரியாமல் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு திரும்பினால், அவ்வுரிமை நம் பிள்ளைகளுக்கும் வாய்க்கும்.