கட்டத்தில் எழுதிய அறமும் ஆட்டத்தின் விதியும்: கிறிஸ்தவ ஆன்மிகத்தில் பலகையாட்டங்கள்

திருச்சபை விளையாட்டை எப்படி நடத்தியது என்று கேட்டால், ஆய்வாளர்கள் பெரும்பாலும் தடைகளின் வரலாற்றைத்தான் சொல்வார்கள். சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. பயணத்தின்போது சத்திரத்தில் சதுரங்கம் ஆடிய ஃபிளாரன்ஸ் ஆயரைக் கண்டித்து, 1060களின் தொடக்கத்தில் கர்தினால் பீட்டர் தமியான் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. சதுரங்கம் வேறு, பகடை வேறு என்று ஆயர் வாதாடிப் பார்த்தார். தமியான் ஏற்கவில்லை. திருப்பாடல் நூல் முழுவதையும் மும்முறை ஓதி, ஏழைகள் பன்னிருவரின் பாதம் கழுவிக் காசும் கொடுக்கச் சொன்னார். 1254இல் பிரான்ஸின் ஒன்பதாம் லூயி தம் அதிகாரிகளுக்கு இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தே விலக்கினார். ஆனால் தோற்றுப்போன அந்த ஆயரின் வாதமே காலப்போக்கில் வென்றது. அறிவால் ஆடுவது நன்று, தற்செயலுக்கு விட்டு ஆடுவது தீது என்பது படித்த கிறிஸ்தவர்களின் பொதுக் கருத்தாயிற்று. இடைக்கால இறையியலாளர் அக்வினா தோமா ஒருபடி மேலே போய், மனத்துக்கு ஓய்வு தரும் ஆட்டம் நற்பண்பே என்றும், அளவுக்கு மீறி விளையாட்டை வெறுப்பதும் குற்றமாகலாம் என்றும் ‘சும்மா தியோலாஜியா’வில் எழுதினார்.

இந்தத் தடைகளையும் அனுமதிகளையும் விட, குருமார்களும் பக்தர்களும் தாமே உருவாக்கிய ஆட்டங்கள் கூடுதலாகப் பேசுகின்றன என்பது என் கருத்து. அவற்றைப் படிக்கும்போது கட்டங்களில் எழுதியிருக்கும் புண்ணியப் பெயர்களிலேயே நின்றுவிடுகிறோம். காய் எதனால் நகர்கிறது, ஒருவர் பெறுவதால் மற்றவர் எதை இழக்கிறார், வெற்றி எப்படி வந்து சேர்கிறது என்பவற்றில்தான் ஓர் ஆட்டத்தின் இறையியல் உள்ளது. எழுத்தும் இயக்கமும் பல நேரங்களில் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

965இல் காம்ப்ரே நகரின் ஆயரான விபோல்ட் வகுத்த பகடையாட்டத்தை எடுத்துக்கொள்வோம். சூதில் மயங்கிய குருக்களுக்காகவே அவர் இதை வகுத்தார். மூன்று பகடைகளை உருட்டினால், வரிசையைக் கருதாவிட்டால், 56 விதமான சேர்க்கைகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நற்பண்பு: மூன்று ஒன்றுகள் விழுந்தால் அன்பு, மூன்று ஆறுகள் விழுந்தால் தாழ்ச்சி. ஒருவர் வென்ற பண்பை அடுத்தவர் பெற முடியாது.

இங்கே கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். மூன்று பகடைகள் 216 வழிகளில் விழலாம். மூன்று ஒன்றுகள் அவற்றில் ஒரே ஒரு வழியில்தான் விழும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெவ்வேறாக விழுவதற்கோ ஆறு வழிகள் உண்டு. ஆக, அன்பும் தாழ்ச்சியும் மற்றப் பல பண்புகளைவிட ஆறு மடங்கு அரியவை. இது விபோல்ட் திட்டமிட்டதாக இருக்க வாய்ப்பில்லை. 216 என்ற கணக்கு 13ஆம் நூற்றாண்டின் ‘தே வெதுலா’ என்ற லத்தீன் செய்யுள் நூலில்தான் துலங்குகிறது. திட்டமிடாமலேயே ஆட்டம் சரியாக ஒன்றைச் சொல்லிவிட்டது. அன்பை யாரும் உழைத்துச் சம்பாதிப்பதில்லை. அது வந்து விழுகிறது, அரிதாகவே விழுகிறது. அருள் பற்றிய கிறிஸ்தவப் போதனைக்கு இது மிக நெருக்கமானது. ஆனால் அதே விதிமுறை வேறொன்றையும் சொல்கிறது: நான் அன்பைப் பெற்றுவிட்டால் என் சகோதரனுக்கு அன்பு இல்லை. நற்பண்பு பங்குபோடும் சொத்தாகிவிடுகிறது. விபோல்டின் பக்தியில் எனக்கு ஐயமில்லை. இந்த விதியை மட்டும் ஏற்க முடியவில்லை.

தற்செயல் என்பதே பின்னாளில் சீர்திருத்தச் சபையினரிடையே பெரிய வழக்காயிற்று. மடியில் போடும் சீட்டின் முடிவு ஆண்டவருடையது என்று நீதிமொழிகள் சொல்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததும் சீட்டுப் போட்டுத்தான். சிலுவையடியில் இயேசுவின் அங்கிக்காகப் படைவீரர்கள் போட்டதும் சீட்டுத்தான். சீட்டு கடவுளின் தீர்ப்பென்றால் அதை வைத்து விளையாடுவது கடவுளைக் கேலி செய்வதாகும் என்று 1593இல் ஆங்கிலேயப் போதகர் ஜேம்ஸ் பாம்ஃபர்ட் எழுதினார். 1619இல் தாமஸ் கேடக்கர் இதை மறுத்தார்: பகடை விழுவது மழை பெய்வதைப் போன்ற இயல்பான நிகழ்ச்சி, அதில் தனி வெளிப்பாடு ஏதுமில்லை. பாம்ஃபர்டின் அச்சம் நீண்டகாலம் நிலைத்தது. கேடக்கரே சரி என்பேன்.

அந்த அச்சத்தின் எச்சம் 1843இல் மாசசூசெட்சின் சேலம் நகரில் ஐவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘மகிழ்ச்சி மாளிகை’ என்ற பலகையாட்டத்தில் தெரிகிறது. பகடை சூதாடிகளின் கருவி என்பதால், எண் எழுதிய சிறு பம்பரம் ஒன்றைச் சுழற்றச் சொன்னார்கள். பக்தி, நேர்மை, மிதம் ஆகிய கட்டங்களில் நின்றால் முன்னேற்றம்; குடிகாரன் தொழுமரத்துக்குப் போவான்; ஓய்வுநாளை மீறியவனுக்குக் கசையடி. பகடையை விலக்கினார்களே தவிரத் தற்செயலை விலக்கவில்லை. பம்பரம் நிற்கிற இடத்தில் ஒரு குழந்தை குடிகாரனாகிறது, உடனே தண்டனையும் பெறுகிறது. அதற்கு மன்னிப்புக்கான கட்டம் எங்கே? எழுத்தில் ஒழுக்கம், இயக்கத்தில் இரக்கமற்ற முன்விதிப்பு. 1860இல் மில்டன் பிராட்லி வெளியிட்ட ‘கட்டமிட்ட வாழ்க்கை ஆட்டம்’ ஆடுபவருக்குச் சற்றுத் தெரிவுரிமை கொடுத்தது. ஆனால் அதன் இலக்கு விண்ணகம் அன்று, நூறு புள்ளிகள்.

தமிழ் வாசகருக்குப் பரமபதம் நினைவுக்கு வரும். இந்திய ஏணியும் பாம்பும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றபோது அங்கே கிறிஸ்தவ ஒழுக்கப் பெயர்களைச் சூடிக்கொண்டன. ஆனால் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் ஆட்டமே நோன்பின் பகுதி. இங்கிலாந்துப் பலகைக்கு அப்படி ஒரு வழிபாட்டுச் சூழல் இல்லை; பாடம் மட்டுமே மிஞ்சியது.

எழுத்துக்கும் விதிக்கும் இடையிலான இந்தச் சிக்கலை எல்லாரையும்விட ஆழமாக உணர்ந்தவர், பலகை எதையும் வடிவமைக்காத ஸ்பானியத் துறவி அவிலா தெரேசா. 1560களில் எழுதிய ‘நிறைவின் வழி’யின் முதல் வடிவத்தில், தம் கன்னியருக்குச் செபத்தைச் சதுரங்கத்தால் விளக்கினார். ராணிக்கு இன்றுள்ள நீண்ட பாய்ச்சல் அப்போது நூறாண்டுகூட ஆகாத புதுமை. 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வலென்சியாவில் பிறந்த ஆட்டமுறை அது. ருய் லோபஸ் என்ற ஸ்பானியக் குரு சதுரங்க நூல் வெளியிட்டதும் 1561இல்தான். பலகையில் மிகவும் வலிமை பெற்ற அந்தக் காயைத்தான் தெரேசா தாழ்ச்சி என்றார். எதிரில் இருக்கும் அரசர் கடவுள். அவரை முற்றுகையிட்டு வீழ்த்தக் கூடியது தாழ்ச்சி ஒன்றே. அவரும் வீழவே விரும்புகிறார். தோற்க விரும்பும் எதிராளியோடு ஆடினால் போட்டி என்ற சொல்லுக்குப் பொருளில்லை. ஒருவர் பெற்றால் மற்றவர் இழப்பார் என்ற விபோல்டின் கணக்கும் அங்கே கலைந்துபோகிறது. தம் மடத்தில் இந்த ஆட்டத்துக்கு இடமில்லை என்றும் அவரே சொல்லிக்கொள்கிறார். இரண்டாம் வடிவத்தில் அந்தப் பக்கங்களை நீக்கியும் விட்டார். பிற்காலப் பதிப்பாசிரியர்கள்தான் முதல் பிரதியிலிருந்து மீட்டுச் சேர்த்தார்கள்.

இறையியலாளர் ரொமானோ குவார்தினி 1918இல் வழிபாட்டையே ஒருவகை விளையாட்டு என்றார்: பயன் கருதாதது, ஆனால் ஒழுங்கில் கண்டிப்பானது. இதை ஏற்றால், பாடம் சொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஆட்டம் ஆன்மிகத்துக்கு மிகத் தொலைவில் நிற்கிறது என்ற முடிவு தவிர்க்க முடியாதது. மறைக்கல்வி வகுப்புக்கும் ஞாயிறு பள்ளிக்கும் புதிய பலகையாட்டங்களை வகுப்பவர்கள் வசனங்களைத் தேர்ந்தெடுக்கும் முன், தங்கள் ஆட்டத்தில் தோற்கும் குழந்தைக்கு அடுத்த நகர்வு என்ன என்பதை முடிவு செய்யட்டும்.