பத்து வயதில் ஒரு பரீட்சை

கொல்லிமலையில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. தேறினால் செங்கரை ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. சாப்பாடு, தங்குமிடம், புத்தகம் எல்லாம் அரசுச் செலவு. பன்னிரண்டாம் வகுப்பு வரை வீட்டுக்குப் பாரமில்லை. தேறாவிட்டால் வழக்கமான பள்ளிதான். வாழவந்தி நாட்டில் பிறந்து, செம்மேட்டைச் சுற்றியே வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் வகுப்பிலிருந்து தேறிப் போன பிள்ளைகள் நினைவில் இருக்கிறார்கள். தேறாமல் வந்து மறுபடியும் என் முன்னால் உட்கார்ந்தவர்கள் இன்னும் நன்றாக நினைவில் இருக்கிறார்கள். இந்த மலைக்குப் படிப்பு வந்த வழியை எழுதிவைக்கத் தூண்டியது அவர்கள்தான்.

எங்கள் மலையாளிப் பழங்குடிச் சனத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்தார்கள், ஒருவர் கொல்லிமலையில் தங்கிவிட்டார், மற்ற இருவரும் பச்சைமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் போனார்கள் என்பார்கள். இங்கே தங்கியவர் வழி வந்தவர்கள் பதினான்கு நாடாகப் பிரிந்து சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்தார்கள். வழக்குத் தீர்க்க ஊர்க்கவுண்டர் இருந்தார், நோவுக்குப் பூசாரி இருந்தார். எழுத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ் வருகிறது. அன்றைக்கு வெளியாள் மேலே வர வேண்டுமானால் நடை, இல்லாவிட்டால் டோலி. வந்தவர்களையும் மலைக்காய்ச்சல் விட்டுவைக்காது.

1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி வாழவந்தியில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் படித்தவர். வீட்டுக்கு வேண்டிய மரத்தைக் கீழேயே இழைத்து, ஆள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்து பூட்டினார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், நரம்புச்சிலந்தி எடுத்தார், தச்சுவேலை பழக்கினார், பள்ளிக்கூடமும் வைத்தார். அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரையும் சலித்து எடுக்கவில்லை. பிள்ளைகளைத் தேடிப்போய்க் கூட்டிவர வேண்டிய காலம் அது. 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இங்கேயே இறந்தார். ஈவ்லின் அம்மையார் வயதான பிறகு, மிஷன் சங்கத்தார் ஓய்வெடுக்கச் சொன்ன பிறகும், தானாகவே மலைக்குத் திரும்பி ஊர் ஊராகச் சுற்றினார். மட்டக்குதிரை மேல் வரும் வெள்ளைக்காரக் கிழவியம்மாவைப் பற்றி என் அம்மா கதைகதையாகச் சொல்வார். 1974இல், 95 வயதில் காலமான அவரைக் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர். ஒன்பது வயதில், 1923இல், படிப்புக்காக அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் தகப்பனாரை உயிரோடு பார்க்கவே இல்லை. மேல் படிப்பு வேண்டுமானால் வெள்ளைக்காரப் பிள்ளையே கடல் தாண்ட வேண்டியிருந்த மலையில், எங்கள் பிள்ளை அடிவாரம் தாண்ட யார் வழி காட்டியிருப்பார்கள்?

இங்கிலாந்தில் ஏழைவீட்டுப் பிள்ளை எப்படி மேலே வந்தது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். அங்கே சந்தை கூடும் சிற்றூர்களில் கிராமர் பள்ளி என்று ஒன்று இருக்கும். லத்தீன் கற்பிக்க நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியவை. கிராந்தம் என்ற ஊரின் கிங்ஸ் பள்ளியில்தான் ஐசக் நியூட்டன் படித்தார். பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று தாயார் அவரைப் பாதியில் நிறுத்திவிட்டார். தலைமையாசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ் விடாமல் பேசித் திரும்ப அழைத்துக்கொண்டார். 1661இல் நியூட்டன் கேம்பிரிட்ஜ் போனார். மிளகுப் பறிப்புக்கும் காப்பிப் பழம் எடுக்கவும் பிள்ளையை நிறுத்திவிடும் வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசிக் களைத்த எங்களுக்கு, அந்த ஸ்டோக்ஸ் வாத்தியார் சொந்தக்காரர் மாதிரி.

1944இல் ஒரு சட்டம் வந்து அங்கே உயர்நிலைக் கல்வி இலவசமானது. பதினொரு வயதில் ஒரு பரீட்சை வைத்து, மேலே வந்தவர்களைக் கிராமர் பள்ளிக்கும் மிச்சமிருந்த பெரும்பாலோரை வேறு பள்ளிக்கும் அனுப்பினார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் பலர் அதனால் பல்கலைக்கழகம் பார்த்தார்கள் என்பது உண்மை. மற்றவர்கள் போன பள்ளியில் வசதியும் குறைவு, மதிப்பும் குறைவு என்பதும் உண்மை. எதிர்ப்பு வலுத்து, 1965இல் அரசாங்கமே இந்தப் பிரிவினையைக் கைவிடும்படி உள்ளாட்சிகளைக் கேட்டது. கிராந்தத்து மளிகைக்கடைக்காரர் மகள் மார்கரெட் தாட்சர் அதே ஊர்ப் பெண்கள் கிராமர் பள்ளியில் படித்தவர். 1970 முதல் 1974 வரை அவர் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் ஏராளமான பள்ளிகள் எல்லாரையும் சேர்க்கும் பொதுப்பள்ளிகளாக மாற அனுமதி பெற்றன. இன்று இங்கிலாந்தில் 163 கிராமர் பள்ளிகள் மிஞ்சியிருக்கின்றன. சண்டை இன்னும் ஓயவில்லை.

இங்கே கதை வேறு. இந்த மலையைப் படிக்கவைத்தவை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். நானும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவன். தமிழ்நாடு முழுக்க முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. கூரை ஒழுகினாலும், ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்த்தாலும், வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பியதில்லை. பொறுக்கியெடுக்கும் பள்ளிகள் அடிவாரத்தில் இருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மருத்துவ இடம் கொடுத்த காலத்தில், நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளிகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பார்த்துச் சேர்த்தன. தென்மாவட்டத்திலிருந்தெல்லாம் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். மலையிலிருந்து பார்த்தால் அந்த ஊர்களின் விளக்கு தெரியும். கட்டணம் எங்களுக்கு எட்டாது. 1986இல் நாடெங்கும் வந்த நவோதயா பள்ளிகளையும் மொழிக்கொள்கை காரணமாகத் தமிழ்நாடு ஏற்கவில்லை.

ஆகவே, மத்திய அரசு 1997–98இல் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய ஏகலைவா திட்டத்தில் எங்கள் மலைக்கும் ஒரு பள்ளி கிடைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்பில் 60 இடம், பையன்கள் பாதி, பெண்கள் பாதி. பள்ளி முழுமைக்கும் 480 பேர். பெண்பிள்ளைக்குச் சரிபாதி என்பது பெரிய விஷயம்.

என் கவலை பரீட்சையைப் பற்றியது. நூறு கேள்வி, இரண்டு மணி நேரம். கணக்கு 25, மொழி 25, மீதி 50 மனத்திறன். கணக்கில் எங்கள் பிள்ளைகள் பயப்படுவதில்லை. சாமையை வள்ளத்தில் அளப்பதையும் சோளக்காடு சந்தையில் பலாப்பழத்துக்கு விலை பேசுவதையும் பார்த்து வளர்ந்தவர்கள். மனத்திறன் பகுதியில்தான் விழுவார்கள். படங்களை வரிசையாகக் கொடுத்து அடுத்தது எது என்று கேட்டால், அப்படியொரு தாளையே கண்டிராத பிள்ளை என்ன செய்யும்? என்னிடம் படித்த ஒரு பெண், மிளகு எடையை வாயாலேயே பெருக்கிப் பணம் சொல்லுவாள். வட்டத்தைத் தப்பாகக் கறுப்பாக்கிவிட்டால் திட்டுவார்கள் என்று பயந்து, பாதித் தாளை வெறுமனே விட்டுவிட்டு வந்தாள். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலேயே படித்து இன்று செவிலியராக இருக்கிறாள். அவள் அறிவை அந்த இரண்டு மணி நேரம் அளக்கவில்லை.

பரீட்சை எழுதவே சாதிச் சான்று வேண்டும். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் எங்கள் மலையாளிச் சனத்துக்கு அந்தக் கதவும் அடைப்பு. பட்டியலில் பழைய சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை, வடஆற்காடு, தென்ஆற்காடு மாவட்டத்து மலையாளிகள் மட்டுமே பழங்குடி. அங்கிருப்பவர்களும் இதே சாமிகளைத்தான் கும்பிடுகிறார்கள்.

துரோணர் பிறப்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பிய பிள்ளை ஏகலைவன். அவன் பெயரைத் தாங்கும் பள்ளி 60 பேரைச் சேர்த்துக்கொள்ளட்டும். திரும்பி வரும் மற்ற பிள்ளைகளுக்கும் அதே தரத்தில் ஆசிரியரும் ஆய்வகமும் கிடைத்தால்தான் அந்தத் தேர்வு நியாயமானது. இங்கிலாந்தில் சண்டை வந்தது பரீட்சை வைத்ததற்காக மட்டும் இல்லை, தேறாதவர்களை மறந்ததற்காகவும்தான்.

மலையில் இன்று ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். விண்ணப்பம் வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் நாலு பேருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மனத்திறன் தாளை ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே கரும்பலகையில் பழக்குங்கள். சான்று இல்லாத வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நீங்களே செம்மேடு தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். வகுப்பு முழுவதும் எழுதட்டும்.